குளோமர் பதில்: இருப்பையே சொல்லாத மறுமொழி

பறக்கும் தட்டு பற்றிய கோப்புகளைக் கேட்டு, தகவல் சுதந்திரச் சட்டப்படி அமெரிக்க அரசுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வாசகம் பழக்கமானது: "நீங்கள் கேட்ட ஆவணங்கள் இருப்பதாக உறுதிப்படுத்தவும் இயலாது, மறுக்கவும் இயலாது." இதற்கு அங்கே குளோமர் பதில் என்று பெயர்.

குளோமர் என்பது கப்பலின் பெயர். குளோபல் மரீன் என்ற நிறுவனப் பெயரைச் சுருக்கியதில் பிறந்தது. 1968-இல் பசிபிக்கில் மூழ்கிய கே-129 என்ற சோவியத் நீர்மூழ்கியைத் தூக்க சி.ஐ.ஏ. கட்டுவித்த கப்பல்தான் ஹியூஸ் குளோமர் எக்ஸ்புளோரர். 1974-இல் நீர்மூழ்கியின் ஒரு பகுதி மட்டுமே மேலே வந்தது. செய்தியை வெளியிட வேண்டாமென்று சி.ஐ.ஏ. பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது. செய்தியைத் தடுக்கும் அந்த முயற்சி பற்றிய ஆவணங்களை ஹேரியட் ஃபிலிப்பி என்ற பத்திரிகையாளர் 1975-இல் கேட்டபோது, மேலே சொன்ன வாசகம் பதிலாக வந்தது. 1976-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படிப் பதில் தரலாம், ஆனால் அதற்கான காரணத்தை இயன்றவரை வெளிப்படையான பிரமாணப் பத்திரத்தில் விளக்க வேண்டும் என்றது. இந்த இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழக்குத் தொடுப்பவருக்குக் கைகொடுப்பது அதுதான்.

ஆவணம் தராத பதிலையெல்லாம் குளோமர் என்று அழைப்பது தவறு. 1980-இல் யூ.எஃப்.ஓ. (பறக்கும் தட்டு) ஆவணங்களுக்காக என்.எஸ்.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு முகமை மீது நடந்த வழக்கில், தேடலில் 239 ஆவணங்கள் கிடைத்தன என்று அந்த அமைப்பே ஒப்புக்கொண்டது. ஏன் தர முடியாது என்பதை 21 பக்க ரகசியப் பிரமாணப் பத்திரத்தில் நீதிபதிக்கு மட்டும் சொன்னது. அது மறுப்பு, குளோமர் அல்ல. 2020 ஏப்ரலில் இத்தகைய பறக்கும் பொருள்கள் பற்றிய மூன்று வீடியோக்களைப் பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. மற்ற வீடியோக்களைக் கேட்டவருக்குக் கடற்படை 2022-இல் தந்த பதிலும் இதே வகை: இருக்கின்றன, தர மாட்டோம்.

வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், பதிலை எதிர்த்துச் செய்யும் மேல்முறையீட்டின் வாதமே மாறுகிறது. "தேடியும் கிடைக்கவில்லை" என்றால் தேடல் போதாது என்று வாதிட வேண்டும்: எந்தப் பிரிவில், எந்தச் சொற்களால் தேடினார்கள் என்று கேளுங்கள். பக்கங்கள் கறுப்படிக்கப்பட்டு வந்தால், மறைக்க வேண்டாத பகுதியைப் பிரித்துத் தரக் கேட்கலாம். குளோமருக்கு இரண்டும் உதவாது. அரசே ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்று என்று காட்டுவதே வலுவான வழி. அதிலும் மூன்று சோதனைகள் உண்டு: முன்பு வெளியான தகவல் இப்போது கேட்பதன் அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும், அதோடு பொருந்த வேண்டும், அதிகாரபூர்வமாக வெளிவந்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரியின் பேட்டி இங்கே செல்லாது. ஓர் அமைப்பு ஒப்புக்கொண்டது பொதுவாக இன்னோர் அமைப்பைக் கட்டுப்படுத்தாது. மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் உண்டு. கடிதத்தின் எல்லாப் பத்தியையும் படியுங்கள். வெளிப்படையான ஆவணங்களுக்கு "இல்லை" என்றும், ரகசியமானவற்றுக்குக் குளோமர் என்றும் ஒரே கடிதத்தில் இரண்டு பதில் வருவதுண்டு.

தமிழில் என்ன சொல்வது? "மழுப்பல்" பொருந்தாது. மழுப்புகிறவர் கேள்வியைத் திசைதிருப்புகிறார். இங்கே கேள்வியை நேராக எடுத்துக்கொண்டு, சட்ட விலக்கைக் காட்டி வாய்மூடுகிறார்கள். நம் இலக்கணம் சொல்லும் எட்டு வகை விடைகளிலும் இது அடங்கவில்லை. மறை விடை என்றால் "இல்லை" வேண்டும், நேர் விடை என்றால் "ஆம்" வேண்டும். "ஒப்பா மறுக்கா மறுமொழி" என்பது ஓசையில் நன்றாக இருக்கிறது, பொருளும் சரி. ஆனால் பேச்சுவழக்கில் "மறுக்கா" என்றால் மறுபடியும் என்று பொருள், வாசகர் தடுமாறுவார்.

"இருப்புரையா மறுமொழி" என்பதே எங்கள் தேர்வு. உரையா என்பது "உரையாத" என்பதன் ஈறுகெட்ட வடிவம், வாடா மலர் போல. மறைக்கப்படுவது ஆவணத்தின் உள்ளடக்கம் மட்டுமன்று, அது இருக்கிறதா என்பதே என்ற நுட்பம் இதில் கிடைக்கிறது. செய்தியில் முதல் முறை "இருப்புரையா மறுமொழி, அதாவது குளோமர் பதில்" என்று எழுதி, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம். என்.எஸ்.ஏ. வழக்கு போன்றவற்றுக்கு "ஆவண மறுப்பு" என்றே எழுத வேண்டும்.