உரிமம் வேறு, பதிவு வேறு

அமெரிக்காவில் ஒரு மருத்துவரின் லைசென்ஸ் பறிபோனால், தமிழ்ச் செய்தியில் அது ‘பதிவு ரத்து’ என்று வருகிறது. ஓட்டுநருக்கும் கட்டட வேலைக்கும் உரிமம் என்று சரியாக எழுதுகிறவர்கள், மருத்துவர் என்றதும் பதிவுக்குத் தாவிவிடுகிறார்கள். இதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

லைசென்ஸின் வேர், ‘செய்யலாம்’ என்று பொருள்படும் ‘லிகேரே’ என்ற லத்தீன் வினை. உரிமம், உரிய, உரிமை எல்லாம் ‘உரி’ என்ற அடியில் பிறந்தவை. ஆக, லைசென்ஸைப் போலவே உரிமமும் ஒன்றைச் செய்யும் உரிமையைச் சொல்கிறது. பதிவு என்பது ஏட்டில் பெயர் பதிந்திருப்பது. அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றுதானே என்பவர்கள் நியூயார்க் மாநில நடைமுறையைப் பார்க்கட்டும். அங்கே மருத்துவ உரிமம், பறிக்கப்படாதவரை ஆயுள் முழுக்கச் செல்லும். பதிவை மட்டும் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வயதான மருத்துவர் ஒருவர், ‘தொழில் பார்த்தது போதும்’ என்று பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால், அவர் நோயாளிகளைப் பார்க்க முடியாது. ஆனால் உரிமம் அவருடையதுதான். தவறு செய்து உரிமத்தையே இழந்தவர் கதை வேறு. இரண்டு பேரையும் ‘பதிவு இழந்தவர்’ என்று எழுதினால், கௌரவமாக ஓய்வு பெற்றவரின் பெயரும் சேர்ந்து கெடுகிறது. அப்புறம், அடிமையாக்கக்கூடிய வலி மருந்துகளை எழுதித்தர, கூட்டாட்சி அரசின் போதைமருந்து அமலாக்க முகமையில் தனியாக ஒரு பதிவு வேண்டும். ‘பதிவு ரத்து’ என்றால் வாசகர் இதில் எதை நினைப்பார்? பிரிட்டனிலும் 2009 முதல், பதிவேட்டில் பெயர் இருந்தும் தொழில் உரிமம் இல்லாத மருத்துவர்கள் உண்டு.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. நம் ஊர் மருத்துவர்கள் 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தில் வந்தவர்கள். மருந்துச் சீட்டில் அச்சிடுவதும் பதிவு எண்தான். ஆனால் 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமே உரிமம் தருவதையும் பதிவேட்டில் பெயர் சேர்ப்பதையும் தனித்தனியாகச் சொல்கிறது. சட்டம் பிரிப்பதை மொழிபெயர்ப்பாளர் ஒட்டவைக்கலாமா?

சரி, ‘அனுமதி’ என்று எழுதலாமே என்பார்கள். இலங்கையில் அனுமதிப்பத்திரம் என்பது நிலைத்துவிட்ட வழக்கு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நியூயார்க்கில் உரிமம் பெறாதவர் மேற்பார்வையில் வேலை பார்க்க ‘பெர்மிட்’ என்று ஒன்று தருகிறார்கள். அனுமதியை லைசென்ஸுக்குச் செலவழித்துவிட்டால் பெர்மிட்டுக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு தவறும் கூடவே வருகிறது. ‘ஸ்டேட் லைசென்ஸ்’ என்பதை ‘அரசு உரிமம்’ என்கிறார்கள். அது மாநில உரிமம். மேற்கு வர்ஜீனியாவின் உரிமச் சட்டத்தை எதிர்த்து டென்ட் என்ற மருத்துவர் மேல்முறையீடு செய்த வழக்கில், 1889இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே நின்றது. இன்றும் டெக்சஸ் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவில் கிளினிக் வைத்து மருத்துவம் பார்க்க முடியாது. பல மாநிலங்கள் சேர்ந்து 2017 முதல் நடத்தும் உடன்படிக்கை, உரிமத்துக்கான விண்ணப்பத்தை விரைவாக்குகிறது. ஆனால் அதிலும் ஒவ்வொரு மாநிலமும் தன் உரிமத்தைத் தனியாகத்தான் தருகிறது.