தந்தியை மட்டும் கேட்கும் காந்தம்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளின் அசைவை மின்சாரமாக்கும் காந்தக் கருவிக்கு பிக்கப் என்று பெயர். அதற்கு அருகே வாயை வைத்து உரக்கப் பாடிப் பாருங்கள். பிக்கப் நல்ல நிலையில் இருந்தால் ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) ஒன்றும் வராது. எஃகு ட்யூனிங் ஃபோர்க் (இசைக்கவை) ஒன்றைத் தட்டி, தொடாமல் அதன் மேலே பிடித்தால் 440 ஹெர்ட்ஸ் கணீரென்று ஒலிக்கும். நைலான் தந்தி மாட்டினாலோ கிட்டார் ஊமை. காற்றில் வரும் ஒலி பிக்கப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. தன் காந்தப் புலத்துக்குள் எஃகு அசைகிறதா என்பதுதான் அதற்குத் தெரியும். கிட்டாரின் வரலாறும், ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அது பிடிக்கும் அடமும் இதிலிருந்தே விளங்கும்.

சாதாரண ஒற்றைக் காயில் (ஒரே கம்பிச்சுருள்) பிக்கப்பில் தந்திக்கு ஒன்றாக ஆறு அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தத் துண்டுகள் நிற்கும். அவற்றைச் சுற்றி 42 கேஜ் செம்புக் கம்பி, விட்டம் சுமார் 0.063 மி.மீ., ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. காந்தம் தன் மேலே ஓடும் எஃகுத் தந்தியையும் சிறு காந்தமாக்கிவிடுகிறது. தந்தியை மீட்டினால் காயிலின் ஊடே செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறையும். கூடிக் குறையும் பாயம் மின்னழுத்தம் தரும் என்பதை ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். ஆறாம் தந்தி நொடிக்கு 82 முறை ஆடினால் மின்சாரமும் அதே தாளத்தில் ஆடும். கிடைப்பது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போல. மிச்ச வேலை ஆம்ப்புடையது.

அவசரத்துக்குக் கையில் கிடைத்த அக்குஸ்டிக் (பிக்கப் இல்லாத சாதாரண) கிட்டாரின் தந்திச் செட்டை மாட்டுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதன் தடித்த தந்திகளின் மேல்சுற்று வெண்கலம். வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் எஃகு நரம்பு மட்டும் கேட்கும். சுற்று இல்லாத மெல்லிய இரண்டும் அலற, தடித்தவை முனகும். நிக்கல் பூசிய எஃகுச் சுற்று உள்ள செட்தான் வேண்டும்.

இதெல்லாம் சத்தக் குறைவில் தொடங்கியது. 1920களின் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் ட்ரம்பெட்டுக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவே கிட்டார் கேட்கவே இல்லை. ஹவாய் கிட்டார் வாசித்த ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1931-ல் இரண்டு லாட காந்தங்களுக்கு நடுவே தந்திகள் ஓடும் பிக்கப்பை உருவாக்கினார். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது, மடியில் கிடத்தி வாசிக்கும் ‘ஃப்ரையிங் பேன்’. காப்புரிமை கிடைத்தது 1937-ல். அதன் உடம்பு வார்ப்பு அலுமினியம். எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும் உலோகம் அது, மேடை விளக்கின் சூட்டில் சுருதி நழுவியது.

1936-ல் கிப்ஸன் நிறுவனம் பழைய உள்ளீடற்ற கிட்டாரிலேயே பிக்கப்பைப் பொருத்தி ஈஎஸ்-150 என்று விற்றது. சத்தம் வந்தது, கூடவே ஊளையும் வந்தது: ஆம்ப்பின் ஒலி மரப்பெட்டியை அதிர வைக்க, பெட்டி தந்தியை அசைக்க, அது மறுபடி ஆம்ப்புக்குப் போக, சுழற்சி முடிவதில்லை. பிக்கப்புக்கு மரப்பெட்டியே தேவையில்லை என்றால் பெட்டியை ஏன் சுமக்க வேண்டும்? 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் பிக்கப்பையும் நெக்கையும் (விரல் பதிக்கும் நீண்ட கழுத்தையும்) பொருத்தினார். பார்வைக்காகப் பக்கவாட்டில் இரு பாதிப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டார். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யும் கெட்டி உடம்புக் கிட்டாரை 1950-ல் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். டெலிகாஸ்டர் என்று இன்று அறியப்படும் அதில் நெக் நான்கு திருகாணியால் பூட்டப்பட்டது, கெட்டால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். என் கணக்கில் மின்சாரத்துக்கு அடுத்த பெரிய கண்டுபிடிப்பு அந்த நான்கு திருகாணிகள்தான். 1952-ல் கிப்ஸனின் ‘லெஸ் பால்’ கிட்டார் வந்தது, 1954-ல் மூன்று பிக்கப்புடன் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்.

பிக்கப்பின் பெரிய பலவீனம் இரைச்சல். ஆயிரக்கணக்கான சுற்றுள்ள காயில், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தையும் பிடித்துவிடும். கிப்ஸனில் இருந்த செத் லவர் 1955-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் இருக்கும். ஒன்றில் சுற்றும் தலைகீழ், காந்தமும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகி அழியும். தந்தியின் ஒலி இருமுறை தலைகீழாவதால் ஒன்றோடொன்று கூடும்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் மழைக்கால மின்வெட்டில் சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்ப்பை ஓட்டினால் சாதாரண ‘உம்’முக்குப் பதில் கொடூரமான ‘ஸ்ஸ்’ கேட்கும். சதுர அலையில் மேல் அதிர்வெண்கள் ஏராளம். சைன் அலை இன்வெர்ட்டர் நல்லது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள், எர்த் இல்லை என்று அர்த்தம். ஆம்ப் ப்ளக்கின் மூன்றாவது முனையை வெட்டி எறிவது தற்கொலைக்குச் சமம்.

குளிர் வேறு கணக்கு. தந்தி சுருங்கினால் இழுவிசை ஏறி சுருதி ஏறும். 10 டிகிரி குறைந்தால், நெக் மரத்தின் சிறு சுருக்கத்தைக் கழித்தபின், 10 கேஜ் செட்டின் (முதல் தந்தி 0.010 அங்குலத் தடிமன்) மெல்லிய தந்தி சுமார் 10 சென்ட் ஏறும் (அரைச் சுரத்துக்கு 100 சென்ட்). தடித்த ஆறாம் தந்தி அதைப் போல இரு மடங்குக்கு மேல் ஏறும், ஏனென்றால் அதன் எஃகு நரம்பு குறைவாகவே நீட்டப்பட்டிருக்கிறது. சிறு மாற்றமும் அதற்குப் பெரிய பங்கு. ஜனவரி இரவில் ஊட்டியில் மதியம் சேர்த்த சுருதியை நம்பாதீர்கள். குளிரில் வந்த கிட்டாரைப் பெட்டியோடு அறைக்குள் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். உடனே திறந்தால் உலோகத்தில் நீர் பூக்கும்.

ஈரம் நெக்கைத் தாக்கும். மழைக்காலத்தில் மரம் உப்பும், வறண்ட மாதங்களில் குறுகும். குறுகினால், நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களின் முனைகள் ஓரத்தில் நீட்டிக் கையைக் கீறும். நெக் எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும், அளந்தே பார்க்க வேண்டும். ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழு எட்டாம் ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். 0.25 மி.மீ. சரி, பழைய 10 கேஜ் முதல் தந்தியின் துண்டு சரியாக அந்தத் தடிமன், அதையே அளவுகோலாக்கலாம். அதிகமானால் நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் வலஞ்சுழியாக இறுக்கி, மறுநாள் மீண்டும் அளக்க வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கினால் மரை அறுந்துபோகலாம்.

ஃப்ரெட்கள் பதிந்த மேல்பலகை (ஃப்ரெட்போர்டு) பல கிட்டார்களில் நம் ஈட்டி மரம் (ரோஸ்வுட்). கூடலூர், பந்தலூர் காடுகளில் வளரும் அதே இனம். பிரேசில் ஈட்டி அரிதானபோது உலகத் தொழிற்சாலைகள் இதன் பக்கம் திரும்பின.

திடீரென்று சத்தமே நின்றுபோனால் மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் போதும். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனை ப்ளக்கின் நுனியையும் தண்டையும் மீட்டர் முனைகளால் தொடுங்கள். ஒற்றைக் காயில் என்றால் 5 முதல் 8 கிலோ ஓம் வரும். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் நீங்கள் அளப்பது வால்யூம் குமிழுக்குள் இருக்கும் மின்தடையை மட்டும். காயில் கம்பி ஈரத்தில் அரித்து அறுந்திருக்கும், அல்லது பற்றவைப்பு விட்டிருக்கும். முதலில் பற்றவைப்பைப் பாருங்கள், அது பத்து நிமிட வேலை.