மாற்றுத்திறன் கொண்ட மாணவருக்குப் பாடசாலையிலும் பரீட்சையிலும் உரிய ஏற்பாடுகள்

இலங்கையில் 11ஆம் தர முடிவில் எழுதும் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் நேரத்தில்தான், “பிள்ளைக்கு எழுதக் கை வராது, ஏதாவது செய்ய முடியுமா?” என்று அதிபரிடம் கேட்கும் பெற்றோர் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலர். செய்ய முடியும். ஆனால் பரீட்சை மண்டபத்தில் கிடைக்கும் ஏற்பாடு வகுப்பறையில் ஏற்கெனவே பழகியதாகவும், பாடசாலையின் பதிவுகளில் எழுத்தில் இருப்பதாகவும் அமைந்தால்தான் அது பிள்ளைக்கு முழுப் பயன் தரும். ஆகவே 10ஆம், 11ஆம் தரத்தில் தொடங்குவதை விட, குறைபாடு தெரிய வந்த தரத்திலேயே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

முதலில் சட்ட நிலையைப் பார்ப்போம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஒருவருக்குக் குறைபாடு இருக்கிறது என்ற காரணத்துக்காக அவரைக் கல்வி நிறுவனம் ஒன்றில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களுக்குள் செல்வதிலும் அவருக்கு அந்தக் காரணத்தால் தடை விதிக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அரசியலமைப்பின் 12(4) உறுப்புரை, பெண்கள், சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக அரசு விசேட ஏற்பாடுகளைச் செய்வதற்கு இடமளிக்கிறது. எனவே ஒரு மாணவருக்கு மட்டும் மேலதிக நேரம் கொடுப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி என்ற வாதத்துக்கு இடமில்லை. 5 வயது முதல் 16 வயது வரையான கட்டாயக் கல்வியும் இந்தப் பிள்ளைகளை விலக்கி வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான ஏற்பாடுகளை அரசு செய்து கொடுக்க வேண்டும் என்று அதன் 24ஆம் உறுப்புரை தெளிவாகக் கூறுகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வளவு தெளிவு இல்லை. சர்வதேசச் சமவாயங்களும் நம் நாட்டு நீதிமன்றங்களில் தாமாகவே சட்டமாகி விடுவதில்லை. நடைமுறையில் அதிகாரியின் விருப்பத்துக்கு இவ்வளவு இடம் இருப்பதற்கு இந்த இடைவெளியே பெருங்காரணம் என்பது என் கருத்து.

பாடசாலைக்குள் என்ன கேட்கலாம்? சாதாரண அரச பாடசாலை வகுப்பிலேயே பிள்ளை கற்கலாம். சில பாடசாலைகளில் உள்ள விசேட கல்வி அலகில் கற்று, முடிந்த பாடங்களுக்குச் சாதாரண வகுப்பில் அமரலாம். கூடுதலான உதவி தேவைப்படுவோருக்கு விசேட பாடசாலைகள் உள்ளன. பிள்ளையை விசேட அலகுக்கு அனுப்புவது ஆசிரியரின் சிரமத்தைக் குறைப்பதற்கான வழியாகி விடக் கூடாது. பார்வை மங்கிய ஒரு பிள்ளைக்கு, சன்னல் வெளிச்சம் கரும்பலகையில் பட்டுக் கண்ணைக் கூசாத முன்வரிசை இருக்கை ஒன்றும், பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டு வாசிக்கும் பழக்கமும் போதுமாக இருக்கலாம். செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கு ஆசிரியரின் முகம் தெரிய வேண்டும். பலகையைப் பார்த்துக்கொண்டே விளக்கும் ஆசிரியரின் பாடத்தில் பாதி அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. சக்கர நாற்காலியில் வரும் மாணவரின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை, நேரசூசியைத் திருத்தினாலே போதும். சாய்தளம், கழிப்பறை போன்றவற்றுக்கு 2006ஆம் ஆண்டின் அணுகு வசதி ஒழுங்குவிதிகளைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேட்கலாம்.

இவற்றைக் கேட்கும்போது வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் அதிபருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். தவணைப் பரீட்சையில் மேலதிக நேரமோ பெரிய எழுத்து வினாத்தாளோ கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் பாடசாலை குறித்து வைக்கட்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இருக்கும் அந்தக் குறிப்பு, கடைசி வாரத்தில் எடுத்த மருத்துவச் சான்றிதழை விடப் பிள்ளையின் தேவையை நன்றாகச் சொல்லும்.

தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய பொதுப் பரீட்சைகளை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். எனவே அங்கு சலுகை பற்றிய இறுதி முடிவு அதிபருடையதோ வலயப் பணிப்பாளருடையதோ அல்ல. பிரெய்ல் வினாத்தாள், பெரிய எழுத்து வினாத்தாள், மேலதிக நேரம், மாணவர் சொல்வதை எழுத ஓர் உதவியாளர், தனி அறை போன்றவை கோரக்கூடியவை. பாடசாலை மாணவராயின் கோரிக்கை அதிபர் ஊடாகச் செல்லும். பரீட்சை விண்ணப்பத்தோடு இதற்கெனத் தனிப் படிவமும் மருத்துவ ஆதாரமும் வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஆண்டு அறிவித்தலிலும் தரப்படும் அறிவுறுத்தலை அந்த ஆண்டுக்கே வாசித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு பெறுவோருக்கு மட்டுமே பரீட்சைச் சலுகை உண்டு என்று சிலர் நினைக்கின்றனர். இரண்டும் வேறு வேறு.

அதிகம் இழுபடுவது மருத்துவ அறிக்கைதான். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருந்து ஒரு தாய் விசேட வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கு வருவதென்றால் வாவியைக் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ வர வேண்டும். அது அவருக்கு ஒரு நாள் கூலி. பொத்துவில் பக்கத்தவர் அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ போக வேண்டும். அப்படி அலைந்து பெறும் அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால், பரீட்சையை நடத்துவோருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. “பெருமூளை வாதம்” என்ற ஒரு சொல்லோடு நிற்காமல், வலது கையால் தொடர்ந்து எவ்வளவு நேரம் எழுத முடியும், எழுத்தின் வேகம் எப்படி, எந்த உதவி தேவை என்பவற்றையும் எழுதித் தருமாறு வைத்தியரிடம் பணிவாகக் கேட்பது பெற்றோரின் உரிமை. வகுப்பாசிரியரின் குறிப்பையும் பிள்ளையின் அப்பியாசக் கொப்பி ஒன்றையும் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், வைத்தியர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தே எழுத முடியும். கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத உதவுபவர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் தாம் விரும்பிய ஒருவரை அழைத்துச் சென்று அமர்த்த முடியாது. அது திணைக்களத்தின் நிபந்தனைக்கு உட்பட்டே நடக்கும். உதவியாளர் மாணவர் சொல்வதை மட்டுமே எழுதுவார், திருத்த மாட்டார், நினைவூட்ட மாட்டார். தமிழ்ப் பாடத்தில் “மணம்” என்று மாணவர் சொன்னால், அது எந்த ணகரம் என்று அவரே தெளிவுபடுத்தப் பழகியிருக்க வேண்டும். லகர ளகர ழகரத்துக்கும் அப்படியே. கேத்திரகணிதத்தில் நிலை இன்னும் கடினம். முக்கோணியின் உச்சியை எங்கே குறிப்பது, எந்தப் பக்கத்துக்குச் சமாந்தரமாகக் கோடு வரைவது என்று சொற்களால் இன்னொருவரை வழிநடத்துவது தனியான ஒரு திறமை. கணிதத்தில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளையும் முதல் தடவையில் இதில் தடுமாறும். 9ஆம் தரத்திலிருந்தே தவணைப் பரீட்சைகளில் ஓர் உதவியாளரோடு எழுதிப் பழகாத மாணவருக்கு, கேட்டுப் பெற்ற மேலதிக நேரம் இந்தத் தடுமாற்றத்திலேயே கரைந்து போகும்.

பாடசாலையில் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த இடம் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரி. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு ஆகிய 5 வலயங்களும், அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், தெஹியத்தகண்டிய, மகாஓயா ஆகிய 7 வலயங்களும் உள்ளன. அதற்கு மேல் மாகாணக் கல்வித் திணைக்களம் உண்டு. தேசிய பாடசாலைகள் மட்டும் மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. சேர்க்கை மறுக்கப்பட்டால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடுவது செலவில்லாத வழி. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதற்கு 1 மாதமே அவகாசம் என்பதால், மறுப்புக் கிடைத்து 1 மாதத்துக்குள்ளேயே ஆணைக்குழுவிடம் முறையிடுவது முக்கியம்: அப்படி முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த 1 மாதத்தில் கணக்கிடப்படாது.

உயர்தரத்துக்குப் பின்னும் ஒரு வழி இருக்கிறது. ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தியும் உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் பெற்று, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை எட்டாத மாற்றுத்திறன் மாணவருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி ஏற்பாடு வைத்துள்ளது; அனுமதிக் கைநூலில் அது தனிப் பகுதியாக இருக்கும். 11ஆம் தரத்தில் சேர்த்து வைத்த மருத்துவ அறிக்கைகளும் கடிதப் பிரதிகளும் அங்கும் துணைநிற்கும்.

அதற்கு முன், பரீட்சை அனுமதி அட்டை பாடசாலைக்கு வந்ததும், கேட்ட சலுகைக்கு அனுமதி கிடைத்திருக்கிறதா என்று அன்றைக்கே அதிபரிடம் உறுதிசெய்யுங்கள். கிடைக்காமல் இருந்தால் அனுப்பிய படிவத்தின் பிரதியோடு உடனே திணைக்களத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். முதல் வினாத்தாள் அன்று காலையில் மண்டப மேற்பார்வையாளரால் தன்னிச்சையாக நேரத்தைக் கூட்டித் தர முடியாது.