அகலம் குறைந்தால் பலம் கூடுமா? பழைய ரீலுக்கு ஒடுங்கிய பிரேம்

நுவரெலியா ஓடைகளில் டிரவுட் பிடிப்பவருக்கு இந்தக் கட்டுரையால் பெரிய பிரயோசனம் இல்லை. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் திலாப்பியாவுக்குத் தூண்டில் போடுபவருக்கும் அப்படித்தான். மலையிலிருந்து திருகோணமலைக்கு இறங்கி, கரைக்குக் கிட்டவே ஆழம் சரியும் அந்தக் கடலில் பாரைக்கும் சூரைக்கும் ஜிக் (உலோகப் போலி இரை) இறக்க நினைப்பவருக்காக எழுதுகிறேன். அதிலும், கையில் பழைய பென் செனட்டர் தூண்டில் ரீல் ஒன்றை வைத்துக்கொண்டு "இது இனி உதவுமா?" என்று யோசிப்பவருக்காக.

பென் நிறுவனத்தை ஓட்டோ ஹென்ஸே 1932இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கினார். செனட்டர் 1936இல் வந்தது. அதன் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் வெளியார் அதற்கு உதிரிப்பாகம் செய்வது சாத்தியமானது. கலிபோர்னியாவின் கார்ல் நியூவெல் பென் ரீல்களுக்கு அலுமினியப் பாகங்கள் செய்தார். டிபுரோன், அக்யூரேட் போன்றவர்கள் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்த பிரேம்களை, அதாவது ரீலின் உடற்சட்டங்களை, கொண்டுவந்தார்கள். அவற்றில் சில, மூல ரீலைவிட ஒடுங்கியவை. பக்கத் தட்டு, பல்சக்கரம், கைபிடி எல்லாம் பழையவை. பிரேமும், நூல் சுற்றும் உருளையான ஸ்பூலும் மட்டும் புதியவை. இரண்டும் சோடியாகத்தான் வர வேண்டும். அகலமான ஸ்பூலை வெட்டி ஒடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பழைய செனட்டரின் உடம்பு ஒரே துண்டல்ல. இரண்டு பக்கமும் வளையங்கள், நடுவில் அவற்றை இணைக்கும் தூண்கள், அடியில் ராடில் பூட்டும் பாதம். இவ்வளவையும் சேர்த்துப் பிடிப்பவை சிறு திருகாணிகள். பொருத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தளர்வு இருக்கும். வருடம் போகப் போக அது கூடும்.

தோட்டத்துத் தொழிற்சாலை வேர்க்ஷாப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரீலின் பாதத்தை வைஸில் இறுக்குங்கள். நூலை ஸ்பூலின் ஒரு ஓரமாகச் சுற்றி, டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலைத் தடுத்துத் தடுத்து விடும் உராய்வுத் தடை) இறுக்கி, நுனியில் கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி 10 கிலோவுக்கு இழுங்கள். நூல் இருக்கும் பக்கத் தட்டு முன்னே வரும், மற்றது பின்தங்கும். நூலை நடுவுக்கு மாற்றி அதே 10 கிலோவுக்கு இழுத்தால் அந்த முறுக்கம் அநேகமாக மறைந்துவிடும். இழுவிசை மாறவில்லை, மாறியது பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து நூல் தள்ளி நிற்கும் தூரம் மட்டும்தான்.

கணக்குக்காக ஸ்பூல் அகலம் 55 மில்லிமீற்றர் என்று வைப்போம். நூல் ஓரத்தில் நிற்கும்போது 10 கிலோ இழுப்பு ஏறத்தாழ 2.7 நியூற்றன் மீற்றர் முறுக்கைத் தரும். 38 மில்லிமீற்றராக ஒடுக்கினால் அது 1.9. அதைவிடப் பெரிய லாபம் தூண்களில் கிடைக்கிறது. ஒரு தூண் எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. மற்றதெல்லாம் சமமென்றால், 55ஐ 38 ஆக்கும்போது வளைவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். பிரேம் முறுகாவிட்டால் ஸ்பூலின் தண்டு இரு பக்க பெயரிங்குகளுக்கும் நேர்கோட்டில் நிற்கும், ஸ்பூலைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனும் இறுகாது. கடையில் கையில் தூக்கிப் பார்த்து "இலேசாக இருக்கிறது" என்று வாங்குகிறார்கள். இலேசு நல்லதுதான், ஆனால் காசு கொடுப்பது இந்த விறைப்புக்கு.

அப்படியானால் ஆரம்பத்திலேயே ஒடுக்கமாகச் செய்திருக்கலாமே? நூல் விடவில்லை. 50 இறாத்தல் தாங்கும் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) ஏறத்தாழ 0.70 மில்லிமீற்றர் தடிப்பு. அதே பலமுள்ள பின்னல் நூல், அதாவது பொலிஎத்திலீன் பிரெய்ட், 0.36 அளவில் முடிந்துவிடும். ஸ்பூலில் பிடிக்கும் இடம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே பிரெய்டுக்குக் கால்வாசிக்கும் சற்றுக் கூடுதலான இடம் போதும். 30 மில்லிமீற்றர் ஆரையுள்ள ஒடுங்கிய ஸ்பூலில் 200 மீற்றர் தங்கூசியைச் சுற்றப் போனால், அடித்தண்டுக்கே இடம் மிஞ்சாத நிலை. பிரெய்ட் என்றால் மேலே 4 மில்லிமீற்றர் உயரத்துக்குள் அடங்கிவிடும்.

இலவசம் எதுவும் இல்லை. டிராக் தருவது முறுக்கு. நூலில் வரும் இழுவிசை அந்த முறுக்கை ஆரையால் வகுத்தது. மீன் ஓட ஓட ஆரை குறையும், நீங்கள் எதையும் தொடாமலே நூல் இறுகும். 10 கிலோவுக்கு வைத்த டிராக், அந்த 200 மீற்றர் பிரெய்டும் போன பின் அகலமான ஸ்பூலில் 11 கிலோ, ஒடுங்கியதில் 11.5 கிலோ. பொறுத்துக்கொள்ளக்கூடிய வித்தியாசம். ஆனால் நீண்ட ஓட்டம் ஓடும் பெரிய மீனில் இதை மறந்தால் நூல் அறும். கைபிடி ஒரு சுற்றுக்கு உள்ளே வரும் நூலும் அதே விகிதத்தில் குறையும்.

பிரேம் விறைத்ததும் பலவீனம் வேறிடத்துக்குப் போகிறது. பிரெய்ட் நீளாது, தங்கூசி தன் இழுபடலில் விழுங்கிய அதிர்ச்சி இப்போது நேரே உள்ளே போகும். கைபிடியருகே உள்ள நட்சத்திரச் சக்கரம் இறுக்கும் டிராக் வாஷர்கள் பெரிய பல்சக்கரத்துக்குள் இருக்கின்றன. பல்விகிதம் 3க்கு 1 என்றால், ஸ்பூலில் வரும் முறுக்கின் மூன்று மடங்கை அந்த வாஷர்கள் தாங்க வேண்டும். பழைய தோல் வாஷர் காய்ந்திருந்தால் நிற்கும், திடீரென வழுக்கும், திரும்ப நிற்கும். நிலை உராய்வும் இயக்க உராய்வும் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதே காரணம். காபன் நார் வாஷரில் அந்த இடைவெளி குறைவு. என் அபிப்பிராயத்தில், பிரேமுக்கு முன் மாற்ற வேண்டியது இதுதான், செலவும் குறைவு.

மலைநாட்டில் ஒரு தனித் தொல்லை உண்டு. உப்பு ஒட்டிய ரீலைத் துணிப்பையில் சுற்றி மூடுபனிக்குள் கொண்டுவந்தால், ஈரம் காயாது. அலுமினிய பிரேமில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி ஏறும் இடம், உப்பீரம் பட்டால் ஒரு குட்டி மின்கலம். கரைவது அலுமினியம். வெள்ளைத் தூள் கண்டால் அது ஆரம்பித்துவிட்டது. திருகாணி ஒவ்வொன்றிலும் கடல் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள், நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி அடுப்படிப் பக்கம் உலரவிடுங்கள். பிரெய்டுக்கு அடியில் சில மீற்றர் தங்கூசி சுற்ற மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் வழவழப்பான அலுமினியத்தில் மொத்த நூலும் ஒரே கட்டியாக வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.