கட்டைவிரலைக் கேட்டுவிட்டு அடுத்த கண்ணியை ஏற்றுங்கள்

கோயம்புத்தூரில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர் என்றால் மார்கழியில் சில விடியற்காலைகள்தான், மிச்சத்துக்கு ஊட்டிக்குத்தான் போக வேண்டும். இருந்தும் இந்தப் பக்கம் உல்லன் நூலும் ஊசியுமாக உட்காருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சிகிச்சைக்கு வருகிற மணிக்கட்டுகளே சாட்சி.

நான் பிசியோதெரபிஸ்ட். பனியன் கம்பெனியில் நாள் முழுக்கப் பிசிறு வெட்டுகிறவர்கள், ஓவர்லாக் அடிக்கிறவர்கள், மாடு கறக்கிறவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கிறவர்கள் என்று கைவலிக்காரர்கள் எனக்குப் பழக்கம். அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள்தான் பின்னல் பழகுகிறவர்கள். இவர்களிடம் ஒரு சிக்கல், வலிக்கான காரணத்தைச் சொல்லவே மாட்டார்கள். "சமீபத்துல கைக்குப் புதுசா ஏதாவது வேலை கொடுத்தீங்களா?" என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பார்கள். அப்புறம் எழுந்து போகிற நேரத்தில், "சும்மா பொழுது போகக் கொஞ்சம் நிட்டிங் பண்றனுங்க" என்று வரும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று தோண்டினால் ராத்திரி ஒரு மணி வரைக்கும் போகிறது. இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரே ஒரு வரிசை என்று உட்கார வைக்கிற வேலை அது, எனக்கும் புரிகிறது.

பின்னல் கெட்ட பழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வருடக்கணக்காகப் பின்னிக்கொண்டிருக்கிற பாட்டிமார் என்னிடம் வருவது அபூர்வம். வருகிறவர்களில் பெரும்பாலோர் தொடங்கிச் சில மாதங்கள் ஆனவர்கள், அதாவது ஒரு மப்ளரை முடித்த குஷியில் நேராகப் போர்வைக்குத் தாவியவர்கள். மனசு வேகமாகக் கற்றுக்கொள்கிறது, விரலும் பழகிவிடுகிறது, தசைகூடச் சீக்கிரம் வலுவாகிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கிற தசைநார் மட்டும் மெதுவாகத்தான் பழகும். நேற்று வரை அரை மணி நேரம் செய்த வேலையை இன்றைக்கு நாலு மணி நேரம் செய்தால் முதலில் முறைத்துக்கொள்வது அதுதான்.

பல்லடம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு நெருங்குகிறது. "என்ற பொண்ணு வளைகாப்புக்குள்ள சொட்டர், குல்லா, சாக்ஸு, போர்வை அத்தனையும் முடிச்சுப் போடோணுங்க" என்றார். வீட்டில் இரண்டு மாடு, காலையும் மாலையும் கறப்பது அவரேதான், அதுவும் கட்டைவிரலை மடக்கி வைத்துக் கறக்கிற பழக்கம். பல வருடமாக அந்த வேலையைத் தாங்கிய கைதான். அதன் மேல் ராத்திரிப் பின்னலும் ஏறியதும் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வீக்கம், செம்பைத் தூக்கினால் சுரீரென்று வலி.

இதற்கு டி குவர்வெய்ன் நோய் என்று பெயர். 1895இல் இதை விவரித்து எழுதிய சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெய்னின் பெயரால் வந்தது. கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவுகிற இரண்டு தசைநார்கள் மணிக்கட்டின் ஓரமாக ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன, சைக்கிள் பிரேக் கம்பி அதன் குழாய்க்குள் ஓடுவது மாதிரி. உறை தடித்துப்போனால் ஒவ்வோர் அசைவும் உரசும். பெண்களுக்கு இது அதிகம், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கிற இளம் தாய்மார்களுக்கு இன்னும் அதிகம். அந்தப் பல்லடத்து அம்மா பின்னுவதை விடாமல் இருந்து, பேரக்குழந்தையும் வந்துவிட்டால், வீட்டில் அம்மா, மகள் இரண்டு பேருக்கும் ஒரே வலி என்று ஆகியிருக்கும்.

கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிற சோதனை இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அதைச் செய்தால் நல்ல கையிலேயே கொஞ்சம் இழுக்கும். இரண்டு கையிலும் செய்து பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் துள்ள வைக்கிற வலி என்றால் அர்த்தம் உண்டு, இரண்டும் ஒரே மாதிரி லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம்.

திருப்பூர்க்காரர்களுக்கு வேறு ஒரு தனிக் கதை. கம்பெனியில் மிச்சமாகிற கோன் நூல் கையில் இருக்கும்போது கடையில் காசு கொடுத்து எதற்கு நூல் வாங்குவது? நியாயமான கேள்விதான். ஆனால் 30ஸ், 40ஸ் (நூல் எவ்வளவு மெல்லிசு என்று சொல்கிற எண்) காட்டன் நூல் மெஷினுக்கான நூல், கைப்பின்னலுக்கு மெல்லிசு. அதனால் ஆறு இழை, எட்டு இழை சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னுகிறார்கள். முறுக்கிச் சேர்க்காத இழைகள் என்பதால் ஊசி நுனி ஒவ்வொரு கண்ணியிலும் ஏதாவது ஓர் இழையைக் குத்தி விலக்கும், அதைச் சரிசெய்யக் கண்ணைக் குறுக்கி, கழுத்தைக் குனிந்து, ஊசியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். இது போக, காட்டனுக்கு நீளும் தன்மை குறைவு. கம்பளி இழை அறுவதற்கு முன் சுமார் 30 சதவீதம் வரை நீளும், பருத்தி இழை அதில் பாதிகூட நீளாது. கம்பளி நூல் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், அந்த விட்டுக் கொடுப்பில் கை பிழைத்துக்கொள்ளும். காட்டனில் அந்த இழுப்பு அப்படியே விரலுக்கு வருகிறது. நம் வெயிலுக்குக் காட்டன்தான் சரி, மறுக்கவில்லை. ஆனால் முதல் வேலையாகக் காட்டனை எடுக்காதீர்கள், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கைப்பின்னலுக்கென்றே முறுக்கி வருகிற தடித்த நூலாகப் பார்த்து எடுங்கள்.

புதியவர்கள் ஊசியைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கண்ணி நழுவிவிடும் என்கிற பயத்தில் நகம் வெளுக்கிற அளவுக்கு அமுக்கிக்கொண்டிருப்பார்கள், தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும். வழுக்குகிற ஸ்டீல் ஊசி இந்தப் பயத்தைக் கூட்டும், மூங்கில் ஊசியில் நூல் கொஞ்சம் ஒட்டி நிற்பதால் கை தளரும். பெரிய வேலை என்றால் நீளமான நேர் ஊசியை விட்டுவிட்டு, நடுவில் கம்பி வைத்த வட்ட ஊசிக்கு மாறுங்கள். போர்வையின் கனம் மடியில் உட்காரும், மணிக்கட்டு அதைத் தூக்க வேண்டியதில்லை. குரோஷேவில், அதாவது ஒற்றைக் கொக்கியால் பின்னுகிற முறையில், சின்னப் பொம்மை செய்கிறவர்கள் பஞ்சு வெளியே தெரியக் கூடாது என்று நெருக்கமாகப் போடுவார்கள், மெல்லிய கொக்கியை இறுகிய கண்ணிக்குள் திணித்து இழுப்பதில் கட்டைவிரல் படாத பாடு படும். தடித்த பிடி வைத்த கொக்கி கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடினாலும் வாங்குங்கள்.

அளவு பார்க்க 10 சென்டிமீட்டர் மாதிரித் துண்டு பின்னச் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. நான் அதைக் கைக்கான சோதனையாகவும் பார்க்கிறேன். அந்தத் துண்டை முடிப்பதற்குள்ளேயே விரல் உளைந்தால் அந்த நூலுக்கும் ஊசிக்கும் உங்களுக்கும் ஒத்துவரவில்லை. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் பெரிய ஊசிக்குப் போங்கள்.

ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறேன் என்பவர்களுக்கு விஷயம் வேறு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மட்டும் மரத்தால் மணிக்கட்டுக்குள் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் பெரும்பாலும் முழங்கையில் தேடுவோம், கையை மடக்கியே வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பின்னுவதால் அங்கே போகிற நரம்பு இழுபடும். இங்கே பின்னல் மட்டும் குற்றவாளி இல்லை. சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் எல்லாம் மீடியன் நரம்பு நெருக்கத்துக்கு வழி விடும். ஆகவே பின்னலை நிறுத்திப் பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளாமல் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

இனி, வலி வந்ததும் நம் ஊரில் நடப்பது. "நரம்பு பிசகிப்போச்சு, உருவி விட்டாச் சரியாப் போகும்" என்று யாராவது எண்ணெயோடு வந்துவிடுவார்கள். ஏற்கெனவே உரசிப் புண்ணான உறையை அழுத்தி உருவினால் என்ன ஆகும் என்று மறுநாள் காலை வீக்கத்தில் தெரியும். இதில் எனக்குப் பொறுமை கிடையாது, நேராகவே சொல்லிவிடுகிறேன், உருவ விடாதீர்கள். அடுத்தது மெடிக்கலில் வாங்குகிற மணிக்கட்டுப் பட்டை. கட்டைவிரலைச் சும்மா விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் பிடிக்கிற பட்டை டி குவர்வெய்னுக்கு அவ்வளவாக உதவாது, கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் தாங்குகிற ஸ்பிளின்ட் என்கிற தாங்கி வேண்டும். மீடியன் நரம்பு நெருக்கத்துக்கோ ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கிற ஸ்பிளின்ட் போதும், பகல் முழுக்கக் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. அப்புறம் போன். பின்னலை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு அதே கட்டைவிரலால் பின்னல் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வு இல்லை. டேபிளில் வைத்து ஆள்காட்டி விரலால் தள்ளுங்கள்.

"அடியோடு விட்டுடுங்க" என்று நான் சொல்வதில்லை, சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, மறைவாகப் பின்னுவார்கள். வலி கடுமையாக இருக்கிற நாட்களில் நிறுத்தம். தணிந்ததும் காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம், மறுநாள் காலையில் கை எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக்கொண்டு போவது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, விரல்களை நன்றாக விரித்து மூடி, தோளைச் சுழற்றிவிட்டு வந்து உட்காருங்கள். வரிசை முடிவில் நிறுத்துகிறேன் என்று வைத்துக்கொண்டால் நூறு கண்ணி உள்ள போர்வையில் அந்த வரிசை முடியாது. போனில் அலாரம் வையுங்கள், நடு வரிசையிலேயே நிறுத்துங்கள், ஊசி முனைக்கு ஒரு ரப்பர் மாட்டினால் ஒன்றும் அவிழாது. வலது கையால் நூலை வீசிப் பின்னுகிற முறையில் கட்டைவிரலோ மணிக்கட்டோ சலித்தால், இடது கையில் நூலைப் பிடித்து ஊசியால் கொத்தி எடுக்கிற முறையையும் பழகி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்யலாம். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

பல்லடத்து அம்மாவிடம் போர்வையைத் தள்ளிப்போடச் சொன்னேன். வைகாசி வெயிலில் பிறக்கப் போகிற குழந்தைக்குப் போர்வை எதற்கு என்று கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குல்லாவும் சாக்ஸும் போதும் என்று ஒத்துக்கொண்டார், கறக்கிற வேலையைக் கொஞ்ச நாள் மருமகன் பார்த்தார்.

கட்டைவிரலின் அடித்தசை சப்பையாகத் தெரிந்தாலோ, பிடித்த சாமான் கை நழுவி விழுந்தாலோ, விரல் மடங்கி மாட்டிக்கொண்டு டக்கென்று நிமிர்ந்தாலோ, காலையில் இரண்டு கை விரல்களும் அரை மணிக்கு மேல் விறைத்திருந்தாலோ இந்தக் கட்டுரையை வைத்துச் சமாளிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பின்னிக்கொண்டிருக்கிற வேலையையும் ஊசியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.