மெமரி கார்டு வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்

நின்டென்டோவின் பழைய ஸ்விட்ச் கேம் கன்சோலிலிருந்த கார்டைக் கழற்றிப் புது ஸ்விட்ச் 2-ல் செருகிவிட்டு, "ஸ்லாட் போச்சுண்ணே, மாத்திக் குடுங்க" என்று ரிப்பேருக்கு வருகிறவர்கள் இன்னும் குறைந்தபாடில்லை. ஸ்லாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2025 ஜூனில் வந்த அந்தக் கன்சோல் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டில்தான் கேமைப் பதியும். சாதாரணக் கார்டைப் போட்டால் பழைய ஸ்விட்சில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கடையில் 'எக்ஸ்ட்ரீம்' என்று அச்சடித்த கார்டை நீட்டுவார்கள். அது வேறு, எக்ஸ்பிரஸ் வேறு. கார்டின் மேலேயே 'இஎக்ஸ்' (EX) குறி இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் இரண்டு வரிசை பின் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். யூஎச்எஸ்-2 (UHS-II) என்ற வேறு வகை வேகக் கார்டிலும் இரண்டு வரிசை உண்டு, ஆனால் ஸ்விட்ச் 2-ல் அதில் கேம் ஏறாது. எக்ஸ்பிரஸ் கார்டு வேலை செய்வது லேப்டாப்பின் எஸ்எஸ்டி சேமிப்பகம் மாதிரி, பிசிஐஇ என்ற அதிவேகப் பாதை வழியாக.

இனி, தினமும் தொண்டைத் தண்ணீர் வற்றும் விஷயத்துக்கு வருகிறேன். "200 எம்பி ஸ்பீடு கார்டு போட்டும் லோடிங் அப்படியேதான் இருக்கு."

இருக்கத்தான் செய்யும். 2017-ல் வந்த ஸ்விட்ச், அதன் லைட், ஓலெட் மாடல்கள், ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இருப்பது யூஎச்எஸ்-1 (UHS-I) வகை ஸ்லாட். அதன் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி. நடைமுறையில் 100-ஐத் தொடுவதே கஷ்டம். அப்படியானால் பாக்கெட்டில் இருக்கும் 200? அது கம்பெனிக்காரர்கள் தரவரையறைக்கு வெளியே தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதற்கேற்ற ரீடரில் போட்டால் கம்ப்யூட்டரில் அந்த வேகம் கிடைக்கும். உங்கள் கன்சோலுக்கு அந்த வித்தை தெரியாது. அதுவும் அது படிக்கும் வேகம், 'அதிகபட்சம்' என்ற பொடி எழுத்தோடு. எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. குழாய் அரை இஞ்ச் என்றால் தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அரை இஞ்ச் தண்ணீர்தான் வரும்.

கேம் லோடாவது ஒரே பெரிய ஃபைலைப் படிப்பது மாதிரியும் இல்லை. ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை அங்கங்கே போய் எடுக்க வேண்டும். அதற்குப் பார்க்க வேண்டியது ஏ1 குறி: நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கும், 500 முறை எழுதும். அதற்கு அடுத்த படியான ஏ2-வுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, ஸ்லாட் ஏ2 வசதியை ஆதரித்தால்தான் பலிக்கும். வி30, வி90 குறியெல்லாம் வீடியோ எடுப்பவர்களுக்கான எழுதும் வேக உத்தரவாதம். யூ3 (இதுவும் எழுதும் வேகக் குறிதான்), ஏ1, நம்பகமான கடை: யூஎச்எஸ்-1 கன்சோலுக்கு இது போதும்.

500 ரூபாய்க்கு 1 டிபி கிடைக்காது. கிடைத்தால் போலி. உள்ளே 32 ஜிபி சிப்பை வைத்து 1 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். 32 ஜிபி வரை ஒழுங்காக ஓடும், அதற்குமேல் ஏற்றும் கேமெல்லாம் கெட்டுப்போகும். வாங்கிய அன்றே, கேம் ஏற்றும் முன், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) என்ற சோதனை மென்பொருள் வைத்து முழுசாக எழுதிப் படித்துச் சோதியுங்கள். 128 ஜிபி கார்டு, 20 எம்பி வேகம் என்றால் எழுதவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் தெரிந்துவிடும்.

பழைய ஸ்விட்சில் பெரிய கார்டுக்கு மாறுகிறீர்களா? கன்சோலை அணைத்துக் கார்டை எடுங்கள். அதிலுள்ள 'நின்டென்டோ' ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்கு காப்பி செய்து, கன்சோலிலேயே ஃபார்மட் செய்த புதுக் கார்டில் போடுங்கள். அதே கன்சோலில் மட்டுமே அது ஓடும். தம்பியின் ஸ்விட்சில் செருகினால் ஓடாது. சேவ் ஃபைல்கள் கன்சோலுக்குள் இருப்பதால் கார்டு செத்தாலும் விளையாடியது போகாது.

ஸ்டீம் டெக்கில் ஃபார்மட் செய்த கார்டில் இருப்பது இஎக்ஸ்டி4 (ext4) என்ற லினக்ஸ் ஃபைல் அமைப்பு. விண்டோஸ் அதைப் படிக்காது, "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். தயவுசெய்து 'ஆம்' கொடுத்துவிடாதீர்கள்.

எஸ்எஸ்டி மாற்ற டெக்கின் பின்மூடியைக் கழற்றுகிறவர்கள் முதலில் கார்டை வெளியே எடுங்கள். எடுக்காமல் நெம்பினால் கார்டு பாதியில் ஒடியும். மைக்ரோஎஸ்டியில் சிப்பும் போர்டும் ஒரே துண்டு. ஒடிந்த கார்டைக் கவரில் போட்டு எடுத்து வந்து "டேட்டா மட்டும் எடுத்துக் குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் முடியாது.