பூமி: மண்ணா, காணியா, ஞாலமா?

பூமிக்கு நல்ல தமிழ்ச் சொல் கேட்டால் பலரும் சட்டென்று 'புவி' என்பார்கள். அது சரியில்லை. இரண்டுமே சமஸ்கிருதத்தில் 'பூ' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை, அந்த வேருக்கு ஆகுதல், உண்டாதல் என்று பொருள், ஆக எல்லாம் உண்டாகும் இடம் பூமி. பாடசாலையில் நம் பிள்ளைகள் படிக்கும் புவியியலும் அந்த வழியில் வந்ததுதான்.

சிக்கல் என்னவென்றால், பூமி ஒரே பொருளில் நிற்பதில்லை. சூரியனைச் சுற்றும் கோளும் பூமி, காலடித் தரையும் பூமி, புண்ணிய பூமி என்னும்போது வெறும் இடம், கொங்கு நாட்டுப் பக்கம் போனால் உழுகிற நிலத்தையே பூமி என்பார்கள். ஒரே சொல்லைத் தூக்கி எல்லா இடத்திலும் வைக்க முடியாது.

உலகம் என்ற பொருளுக்கு வையம், பார், ஞாலம் இருக்கின்றன. எனக்கு ஞாலம்தான் பிடிக்கும்: ஞாலுதல் என்றால் தொங்குதல், வெளியில் தொங்குவது என்பதால் ஞாலம் என்று சொல்லாய்வாளர் விளக்குவார்கள். ஐம்பூதத்தில் ஒன்று என்றால் நிலம். தொல்காப்பியம் 'நிலம் தீ நீர் வளி விசும்பு' என்றுதான் அடுக்குகிறது.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் நாள் முழுக்கப் புழங்குவது மண். மழை விட்ட கையோடு மலையில் கான் (வடிகால்) வெட்டும்போது மம்பட்டியில் அப்பிக்கொண்டு, குச்சியால் சுரண்டினாலும் விடாத அந்தச் செம்மண்ணை யாரும் பூமி என்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியதையும் மண்சரிவு என்றுதான் சொல்கிறோம். அதற்காக மண்ணைச் சின்னச் சொல்லாக நினைக்க வேண்டாம். மண்ணுலகம் என்றால் உலகம், மண்ணாசை என்றால் அடுத்தவன் நாட்டின் மேல் ஆசை, 'மணிநீரும் மண்ணும்' என்று குறள் அரணைச் சொல்லும் இடத்தில் அது வெட்டவெளி நிலம். முழவுத் தோலில் பூசும் சாந்துக்கும் பழைய தமிழில் மண் என்றே பெயர்.

அப்புறம் காணி. சொந்தமாக எழுதி வாங்குகிற நிலத்துக்கு இலங்கையில் இதுதான் சொல். பழைய கணக்கில் எண்பதில் ஒரு பங்கு காணி, பிறகு நில அளவுக்கும், பரம்பரையாக வரும் நில உரிமைக்கும் அதுவே பெயரானது. வீடு கட்ட ஏழு பேர்ச்சா (பேர்ச் ஒரு நில அளவு) பத்துப் பேர்ச்சா, உறுதி (காணிப் பத்திரம்) யார் பெயரில் என்று தோட்டங்களில் இவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் காணியைத்தான். அந்த இடத்தில் 'பூமி உரிமை' என்று எழுதாதீர்கள், காணி உரிமை என்றே எழுதுங்கள்.